‘டேய் ஸ்டாண்டு!’

வண்டி ஸ்டாண்டில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர் இருக்கு. அதைக் காவல் காக்கிறவனுக்கு அதுகூடக் கிடையாது. ‘டேய்’, ‘ஏய்’, அவசரம் கூடினால் ‘டேய் ஸ்டாண்டு’. ஐம்பது வயதைத் தாண்டிய எங்க கூட்டாளி ஒருத்தரை, நாங்க அண்ணே என்று கூப்பிடுகிறவரை, மீசை அரும்பாத பொடியன் அப்படித்தான் கூப்பிடுகிறான். அவரும் ‘இந்தா வர்றேன் சார்’ என்று ஓடுகிறார். இதை வெறும் வாடிக்கையாளர் தொந்தரவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஸ்டாண்டுகளில் ஒன்றில்தான் எனக்கு வேலை. பேரைச் சொன்னால் சோத்துல மண்ணு விழும், விட்டுவிடுவோம். தாடிக்கொம்பு, சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கத்துச் சனங்கள் விடியக்காலையில் வண்டியைப் போட்டுவிட்டு மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறுவார்கள். முகூர்த்த நாள் என்றால் கால் வைக்க இடமிருக்காது. ஒரு வண்டியை வெளியே எடுக்கப் பத்து வண்டியை நகர்த்தணும். அந்தப் பத்தில் நாலு ஹேண்டில் லாக் போட்டு நிற்கும். ‘லாக் போடாதீங்க’ என்று போர்டு எழுதி வைத்தாலும் கேட்க மாட்டார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊராச்சே! பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து எங்களுக்கு இடுப்பு போச்சு. லாக் போட்டுப் போனவனே சாயங்காலம் வந்து, ‘டேங்குல கோடு விழுந்திருக்கு, எவன்டா தொட்டது?’ என்பான். டோக்கனைத் தொலைத்தவரிடம் ஆர்.சி. புக்கைக் கேட்டால், ‘என்னைப் பார்த்தா திருடன் மாதிரி இருக்கா?’ கேட்காமல் கொடுத்து வண்டி ஆள் மாறிப் போனால் நாங்கதான் திருடன்.

வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கோடு விழுவது நிஜம். போர்டில் ஒரு ரேட்டு, கையில் ஒரு ரேட்டு என்று வாங்குகிற ஸ்டாண்டுகளும் உண்டு. இதையெல்லாம் முடிவு செய்கிறவன் யார்? ஏலத்தில் போட்டி போட்டு எடுத்தவன், போட்ட காசை எடுக்க, நூறு வண்டி நிற்கிற இடத்தில் நூற்றைம்பதைத் திணிக்கச் சொல்கிறான். ஆறு பேர் வேலைக்கு மூணு பேரை வைக்கிறான். அவன் வருவது கல்லாவை எண்ண மட்டும். ஒரு கண்ணாடி உடைந்ததற்கு என் மூணு நாள் கூலியைப் பிடித்தார்கள்.

டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்திருக்கும். அதோடு குத்தகைக்காரன் கை கழுவிவிடலாம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். 1872ஆம் வருசத்து இந்திய ஒப்பந்தச் சட்டமே, பிறர் பொருளை வாங்கி வைத்தவர் தன் பொருளைப் போல அக்கறையோடு பார்க்க வேண்டும் என்கிறது. தில்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998ல் ஒரு மாருதி கார் திருட்டுப் போனது. சாவியை வாங்கி வண்டியை நிறுத்திக்கொண்ட ஹோட்டல், சீட்டில் அச்சடித்த வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழுந்தது.

ஆக, கோபத்துக்கு ஒரு விலாசம் இருக்கு. அங்கே யாரும் போவதில்லை. கோபமும் பள்ளம் பார்த்துத்தான் பாய்கிறது. பள்ளம் எங்கே என்று பார்க்க ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: ‘நீ எந்த ஊருடா?’ சொன்னால் அடுத்தது, ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ அதுவரை டேங்கில் விழுந்த கோடுதான் பேச்சு. அதற்குப் பிறகு, ‘உங்களையெல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்’. அரசுப் பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஸ்டாண்டில் அது நல்ல புழக்கத்தில் இருக்கு.

பொதுமக்கள் பார்வையில் சாதிப்பேர் சொல்லித் திட்டுவதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் தனிக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. அதனால் பேரைச் சொல்லாமல் திட்டக் கற்றுக்கொண்டார்கள். மீறிச் சொன்னாலும், பார்வைக்குப் பஞ்சமில்லை, நூறு பேர் நிற்கிறார்கள். சாட்சிக்கு வாங்க என்றால் எல்லாருக்கும் பஸ் கிளம்பிவிடுகிறது.

வண்டி நமக்குச் சாதாரணப் பொருள் இல்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள் எங்க அப்பனும் தாத்தனும். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியதாக வழக்கு. அதனால் நம்ம ஆள் ஒருத்தன் புது வண்டியில் வந்து இறங்கினால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அம்பேத்கர் படம் ஒட்டிய வண்டியிலிருந்து இறங்கி, ‘டேய் ஸ்டாண்டு, சீக்கிரம் டோக்கன் போடுறா’ என்கிற நம்ம பையன்களும் இருக்கிறார்கள். சாதி இந்து சொல்லும்போது வருவது ஆத்திரம். இவன் சொல்லும்போது வருவது வேற. நம்ம கூட்டங்களில் இதைப் பேசணும் தோழர்களே.

‘தொழில் அப்படி, பொறுத்துப் போ’ என்கிற புத்திமதி எங்களுக்கு வேண்டாம். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எங்களுக்கு இன்னும் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாதான். எத்தனை வண்டிக்கு எத்தனை ஆள் என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதட்டும். சேதத்துக்குக் கூலியில் கை வைக்கக் கூடாது. டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் குத்தகைக்காரர் பேரையும் போன் நம்பரையும் போடட்டும். கோடு விழுந்தவர்கள் அங்கே கூப்பிட்டுப் பேசட்டும்.