ஒரு சாமானுக்கு ஒரு நடை



மருதமுனையில் வீட்டோடு இருந்து டைப்செட்டிங் வேலை செய்யும் ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். அவருடைய மகள் என்னிடம் படித்த பிள்ளை. கணவர் மௌத்தானதிலிருந்து கல்யாண அழைப்பிதழ், கத்தம் நோட்டீஸ், பாடசாலை மலர் என்று அவர் கோர்த்துக் கொடுப்பதில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. சென்ற நோன்புக்கு முன்னர் ஒருநாள் வந்து, "கணனி கிழடாகிப் பெய்த்து மௌலவி. புதுசு எடுக்கணும் எண்டு கடையில சொல்றாங்க. காப்பு ரெண்டையும் ஈடு வைக்கலாமா எண்டு யோசிக்கிறன்" என்றார்.

கணனிக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். ஒரு பழைய அழைப்பிதழைத் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து முடித்துவிடலாமாம். சேமிக்கச் சொன்னால் இன்னொரு தேத்தண்ணீர். கல்யாண மாதத்தில் ஒருநாளைக்குப் பத்து அழைப்பிதழ் செய்தவர் மூன்றுடன் நிற்கிறார். ஆனால் அதே கணனியில் கல்யாண வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. மெய்யாகவே கிழடான கணனி வீடியோவிலும் அல்லவா திணற வேண்டும்?

விஷயத்துக்கு வருமுன் அந்த வீட்டுக் கணனியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எமது பகுதியில் 1990களிலும் அதற்குப் பின்னும் தமிழ் அச்சு வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கரிலும் பாமினி எழுத்திலும்தான் செய்தார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அது விண்டோஸ் எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடும், இன்றைய விண்டோஸில் மக்கர் பண்ணும். எக்ஸ்பிக்கோ 2014 ஏப்ரல் 8-உடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் பராமரிப்பை நிறுத்திவிட்டது. இருபது வருடத்து வேலையைத் தூக்கி எறியவும் முடியாது. ஆகவே அவருடைய மருமகன் கட்டாருக்குப் போகுமுன், புதிய விண்டோஸ் உள்ள கணனிக்குள்ளே ஒரு எக்ஸ்பி கணனியைக் குடிவைத்துவிட்டுப் போனார்.

கணனிக்குள் கணனியா என்று கேட்பீர்கள். ஆம். இதற்கு வேர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரு மென்பொருள் கணனியைப் போல நடிக்கும். அதற்குள் ஏற்றப்படும் விண்டோஸ், தனக்கென்று ஒரு வன்தட்டும் மெமரியும் இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். இது நேற்று வந்த புதுமையும் இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தனது பெரிய கணனிகளில் செய்துபார்த்தது. வீட்டுக் கணனிக்கு 1999-ல் விஎம்வெயார் கொண்டு வந்தது. விலையில்லாத வேர்ச்சுவல்பொக்ஸ் 2007-ல் வந்தது.

உள்கணனிக்கு வெளியே நடப்பது தெரியாது. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் மதில். சகோதரியின் வேலைகள் எல்லாம் வெளிக்கணனியின் ஒரு போல்டரில் இருந்தன. உள்ளே இருக்கும் பேஜ்மேக்கர் அதைப் பார்ப்பதற்காக மதிலில் ஒரு யன்னல் திறந்துவிட்டிருந்தார் மருமகன். அதுதான் இரண்டுக்கும் பொதுவான ஷெயார்ட் போல்டர். அந்த யன்னலில்தான் தாமதம்.

ஏன் என்று விளங்கிக்கொள்ள ஒரு சின்ன வீட்டு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். கறிக்கு முப்பது சாமான் தேவை. சின்ன மகனைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். "உப்பு இருக்கா கேட்டு வா" என்கிறீர்கள். ஓடிப்போய்க் கேட்டு வந்து "இருக்கு" என்கிறான். "என்ன விலை, கேட்டு வா." மீண்டும் ஓட்டம். "வாங்கி வா." மூன்றாவது ஓட்டம். உப்பு முடிந்து வெங்காயத்துக்கு இதே மூன்று நடை. பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும் பகல் சாப்பாடு மஃரிபுக்குத்தான். ஆனால் ஐம்பது கிலோ அரிசி மூடை ஒன்றை எடுத்துவர ஒரே நடை போதும்.

கணனிகள் கோப்பைப் பகிர்வதும் இப்படித்தான். இப்படி ஒரு கோப்பு இருக்கிறதா, எவ்வளவு பெரியது, எப்போது மாற்றியது, திற, வாசி, மூடு என்று ஒவ்வொன்றும் ஒரு நடை. வீடியோ என்பது அரிசி மூடை. அழைப்பிதழோ சில்லறைச் சாமான். பூ, பிறை, கரை அலங்காரம் என்று சகோதரி சேர்த்து வைத்திருந்த குட்டிப் படங்கள் ஏறக்குறைய ஆறாயிரம். ஒரு படத்துக்கு ஐந்து கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் நாலு பங்கு நேரம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆறாயிரம் படத்தையும் பார்த்து வர 120 செக்கன், அதாவது இரண்டு நிமிடம். நடுவில் அண்டிவைரஸும் ஒவ்வொரு உமலையும் வாங்கித் திறந்து பார்த்து அனுப்பினால் இன்னும் கூடும். இங்கே பாதையை அகலமாக்கிப் பயனில்லை. பிள்ளையின் நடையைக் குறைக்க வேண்டும்.

இந்தத் துறையில் பெரியவர்களுக்கே இந்தப் பாடம் படிக்கப் பல வருடம் எடுத்தது. கணனிகள் கோப்புப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி என்ற முறையை 1983-ல் ஐபிஎம்மில் பாரி பைகன்பாம் என்பவர் உருவாக்கினார். அதன் முதல் தலைமுறை சரியான வாயாடி. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள், ஓயாத கேள்வி பதில். 2006-ல் விண்டோஸ் விஸ்டாவுடன் இரண்டாம் தலைமுறை வந்தபோது கட்டளைகளைப் பத்தொன்பதாகச் சுருக்கினார்கள். பல கேள்விகளை ஒரே பொதியில் கட்டி அனுப்பவும் வழி செய்தார்கள். மகனிடம் துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவது போல. (இதே முறையை மற்றக் கணனிகளுக்கும் கொண்டு போனவர் அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ டிரிட்ஜெல். 1992-ல் தொடங்கிய அந்த மென்பொருளுக்குப் பின்னர் பெயர் தேட வேண்டி வந்தபோது, எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களை அகராதியில் கணனியையே தேட விட்டார். அகப்பட்டது சம்பா. எங்கள் சம்பா அரிசி அல்ல, பிரேசில் நாட்டு நடனம்!)

மைக்ரோசொப்டின் கதையும் இதுதான். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் ஏற்பாட்டை அவர்கள் 2016-ல் தந்தார்கள். 2019-ல் அறிவித்த இரண்டாவது பதிப்பு மெய்யான வேர்ச்சுவல் மெஷின். சுருக்கிக் கட்டிய கோப்புப் பொதியை அவிழ்ப்பதில் முந்தியதைவிட இருபது மடங்கு வரை வேகம் என்றார்கள். அது லினக்ஸின் சொந்த வன்தட்டில் வேலை செய்யும்போது. மதிலுக்கு அந்தப் பக்கம் விண்டோஸில் இருக்கும் கோப்பைத் தொட்டால் புதியது பழையதைவிட மந்தம். அதனால், எந்தப் பக்கத்து மென்பொருளால் வேலை செய்கிறீர்களோ கோப்பையும் அந்தப் பக்கத்திலேயே வையுங்கள் என்று தங்கள் கையேட்டில் எழுதிவைத்தார்கள். செய்தவர்களே சொல்லும் வைத்தியம் இது.

வைத்தியத்துக்கு முன் நாடி பிடிக்க வேண்டும் அல்லவா? இதற்குக் கணனிப் படிப்பு வேண்டாம். ஒரு மணிக்கூடு போதும். முதலில் 700 எம்பி அளவான ஒரே வீடியோவைப் பொதுப் போல்டர் வழியாக உள்கணனிக்குப் பிரதி எடுத்து நேரத்தைக் குறியுங்கள். அடுத்து, கூட்டினால் அதே 700 எம்பி வரும் குட்டிப் படங்களை அதே வழியில் பிரதி எடுங்கள். மூன்றாவதாக, உள்ளே வந்துவிட்ட அந்தப் படங்களை உள்கணனியிலேயே வேறொரு போல்டருக்குப் பிரதி எடுங்கள். வீடியோ விரைவாக வந்து, படங்கள் தவழ்ந்து வந்து, மூன்றாவது விரைவாக முடிந்தால் குற்றம் நடையில்தான். மூன்றாவதும் தவழ்ந்தால் மதிலைக் குறை சொல்லாதீர்கள். மெமரியையும் வன்தட்டையும் பாருங்கள். 4 ஜிபி உள்ள கணனியில் மூன்றை உள்கணனிக்குக் கொடுத்துவிட்டு வெளிக்கணனியைப் பட்டினி போடும் வீடுகள் உண்டு. எக்ஸ்பிக்கு 512 எம்பியே தாராளம். முதலாவது வீடியோவே தவழ்ந்து, கோப்புகளும் வேறொரு கணனியிலிருந்து வைபை வழியாக வருவதானால், ஒருதரம் கேபிள் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கறியில் உப்பு, புளி, உறைப்பு மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் எதனால் கெட்டது என்று சொல்ல முடியாது.

சகோதரியின் வீட்டில் வீடியோ ஒன்றரை நிமிடத்தில் வந்தது. படங்களுக்கு இருபத்தாறு நிமிடம். உள்ளேயே பிரதி எடுத்தபோது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. காப்பைக் கழற்ற வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

அலங்காரப் படங்களை எல்லாம் உள்கணனியின் வன்தட்டிலேயே நிரந்தரமாக வைத்தோம். அன்றன்று செய்யும் அழைப்பிதழைக் காலையில் உள்ளே எடுப்பது, மாலையில் முடிந்ததை வெளியே வைப்பது. பல கோப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தால் சிப் செய்து ஒரே பொதியாகக் கொண்டுவந்து உள்ளே அவிழ்ப்பது. போல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு படத்தையும் குட்டியாகக் காட்டும் வசதியை நிறுத்தி, வெறும் பெயர்ப் பட்டியலாக மாற்றினோம். அதிலேயே நல்ல மாற்றம் தெரிந்தது.

ஆனாலும் காலையில் கணனியைப் போட்டதும் அரை நிமிடம் மலைத்து நிற்கும் பழக்கம் போகவில்லை. எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய மகள்தான் கண்டுபிடித்தாள். மருமகன் இங்கே இருந்த நாளில் தன் மடிக்கணனியின் ஒரு போல்டரையும் இதில் டிரைவாக இணைத்திருந்தார். மடிக்கணனி அவருடன் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். இந்தக் கணனியோ தினமும் காலையில் அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் களைத்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது! அந்த இணைப்பை எடுத்தோம், மலைப்பும் போனது. உங்கள் வீட்டிலும் விற்றுவிட்ட கணனி, கெட்டுப்போன பிரிண்டர் ஏதாவது பெயரளவில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சில பயங்களையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் தலைமுறை மட்டும்தான். 2017 மே மாதம் உலகெங்கும் கணனிகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வொனாகிறை என்ற நாசகார மென்பொருள் அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக ஏற்றும் கணனிகளில் அதை வைப்பதை மைக்ரோசொப்ட் கைவிட்டது. வேகம் வரும் என்று யாராவது சொல்லி அதை மீண்டும் திறந்துவிட இடம் கொடுக்காதீர்கள். வேர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கே சொந்தமான பொதுப் போல்டர் வசதி இருக்கிறது, அது போதும். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட் தொடர்பையும் அறுத்து வையுங்கள், அழைப்பிதழ் கோர்க்க அது தேவையில்லை. அண்டிவைரஸையும் முழுதாக நிறுத்த வேண்டாம். கட்டாயமானால் உங்கள் சொந்தப் படங்கள் உள்ள ஒரு போல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவுக்கு ஒருபோதும் வேண்டாம்.

இன்னொன்று. உள்கணனியின் வன்தட்டு என்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்பு. அது பழுதானால் உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றாகப் போய்விடும். மாலையில் வெளியே எடுத்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

பிரதி வைப்பதைப் பற்றி எமது கரையோரத்துப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் வந்துபோன பிறகு, சீதனமாய்க் கிடைத்த வீட்டுக்கு உறுதியும் இல்லாமல், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லாமல் வரிசையில் நின்றவர்கள் நீங்கள். அந்தச் சகோதரியின் முதல் கணனியும் அன்றுதான் போனது. இப்போது அவர் மாதம் ஒருமுறை எல்லா வேலைகளையும் ஒரே பொதியாகக் கட்டி ஒரு பென் டிரைவில் இடுகிறார். ஆறாயிரம் நடைக்குப் பதில் ஒரு நடை, பத்து நிமிடம்கூட எடுப்பதில்லையாம். உறுதியின் படமும் அதற்குள் இருக்கிறது. அந்த பென் டிரைவ் இருப்பது சம்மாந்துறையில், தங்கச்சி வீட்டு அலுமாரியில்.