சொந்தக் கட்டடமா, வாடகை அறையா?

புதுக்கடையைச் சுற்றியுள்ள ஊர்களில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் தன்னார்வக் குழு ஒன்றை நம் வாசகர்களில் பலர் அறிவர். அவர்களிடம் தண்ணீர்ப் படுக்கையும் சக்கர நாற்காலியும் இரவலாகப் பெற்றவர்களும் உங்களுள் இருப்பீர்கள். அக்குழு இயங்கும் வாடகை அறையைக் காலி செய்யுமாறு உரிமையாளர் கேட்டுள்ளார். மறைந்தோரின் நினைவாகக் குடும்பத்தினர் அளித்த நன்கொடை ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. அதைக் கொண்டு இடம் வாங்கலாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டனர்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம்மவர் மனத்தில் ஊறிப்போன எண்ணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. சென்ற முறை இடம் மாறியபோது பத்து நாள்கள் பொருள்கள் கட்டிவைத்தபடியே கிடந்தன. தண்ணீர்ப் படுக்கை கேட்டு வந்த ஒரு மகள் வெறுங்கையோடு திரும்பினார். அசையாது கிடக்கும் உடலில் புண் தோன்ற அத்தனை நாள் வேண்டியதில்லை.

ஆயினும் இப்போது வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 20 லட்சத்துக்கு ஓர் இடம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என 1,80,000 ரூபாய் தனியே வேண்டும். சொத்து வரி உண்டு. ஆண்டுக்கு இருமுறை பருவமழை காணும் நம் மாவட்டத்தில் கூரைச் செலவும் ஓயாது. கையிருப்பு முழுவதும் சுவராகிவிட்டால் செவிலியர் ஊதியத்துக்கும் வலி மாத்திரைக்கும் எங்கே போவது?

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறு இடத்தில்தான் பணியாற்றியது. அதன் நிறுவனத்துக்கெனக் கட்டடம் அமைந்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே. உள்நோயாளிகளை வைத்துப் பார்க்கவும் பயிற்சி அளிக்கவும் நிலையான இடம் தேவை. அந்நிலையை இக்குழு இன்னும் எட்டவில்லை. இவர்கள் பணிபுரியும் இடம் நோயாளியின் வீடு. குழுவுக்குத் தேவை பொருள் வைக்க ஓர் அறையும், பேச நான்கு நாற்காலியுமே.

எனினும் பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பியிருப்பதும் தவறு. ஐந்தாண்டுக் குத்தகையாகப் பதிவு செய்து, காலி செய்ய ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று எழுதிக்கொள்ளட்டும். நம் பகுதிக்குப் பழக்கமான ஒற்றியையும் எண்ணிப் பார்க்கலாம்: மாத வாடகை இல்லை, கொடுத்த தொகை தவணை முடிவில் திரும்பும். ஆனால் உரிமையாளரிடம் அப்போது பணம் இராவிட்டால் சிக்கல்தான். ஆகவே வில்லங்கச் சான்று பார்த்து, பத்திரம் பதிவு செய்த பின்னரே பணம் கைமாற வேண்டும். எவ்வழியாயினும் ஓராண்டுச் செலவுக்கான தொகையைத் தொடக்கூடாது.

மாடியறை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். சக்கர நாற்காலியை மாடியில் வைத்து யாருக்குக் கொடுப்பது? புதுக்கடைக்கும் கருங்கலுக்கும் இடையே, ஓதம் ஏறாத தரைத்தள அறை ஒன்று உங்கள் கவனத்துக்கு வந்தால், நம் வெளிநோயாளர் பிரிவிலுள்ள சமூகப் பணியாளரிடம் தெரிவியுங்கள்.