பன்னிரண்டாவது ஆட்டக்காரன் என்னும் சாக்கு

"ஆளே இல்லாத மைதானத்துல எப்படிண்ணே ஜெயிப்பாய்ங்க?"

கொரோனா காலத்தில் அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்டேன், சென்னை நண்பர்களின் போன் பேச்சிலும் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2020 நவம்பரில் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்த ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி முழுவதும் கோவாவிலேயே நடந்தது. பதோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என்று மூன்றே மைதானங்கள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நம் சென்னையின் எஃப்.சி. 20 ஆட்டம் ஆடி, 3-ல் வென்று, 6-ல் தோற்று, 11-ஐ டிரா செய்து எட்டாவது இடத்தில் வந்து நின்றது. இதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் மேலே இருப்பது. ரசிகர்கள்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரர், அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள், பதினோரு பேரை வைத்துக்கொண்டு அணி என்ன செய்யும்?

கேட்க இதமாக இருக்கிறது. நாம் கத்தியதால்தான் அவர்கள் வென்றார்கள் என்று நம்ப யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் இந்த அணியின் வரலாற்றில் கொஞ்சம் கையை விட்டுப் பார்த்தாலே இந்த நம்பிக்கை நிற்காது.

சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை கோப்பை வென்றிருக்கிறது. இரண்டையும் வென்றது எதிராளி ஊரில், எதிராளி ரசிகர்கள் நடுவில். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. நேரு விளையாட்டரங்கில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்குப் போயிற்று. சென்னை ரசிகர் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அணி புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்துப் போட்டது. அப்புறம் இறுதி ஆட்டம் பதோர்டாவில், எஃப்.சி. கோவாவின் சொந்த மைதானத்தில். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனபோது அரங்கமே எழுந்து ஆடியது. அடுத்து வந்தது கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம் சைடு கோல். அதன் பிறகு, இஞ்சுரி டைமில், நம் மெண்டோசா. 3-2. அன்றைக்கு அந்த அரங்கில் ஒரு பன்னிரண்டாவது ஆட்டக்காரர் இருந்தார் என்றால் அவர் கோவாக்காரர். அவரால் கடைசி ஐந்து நிமிடம்கூடக் கோப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

2018 மார்ச் 17-ல் இதே கதை பெங்களூரு கண்டீரவா அரங்கில். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அதன் பிறகு நம் பக்கம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அங்கும் 3-2. பெங்களூரு ரசிகர்களின் சத்தத்துக்குக் குறைவே இல்லை. மெயில்சனின் கழுத்துக்கு மட்டும் அது கேட்கவில்லை போலும்.

அடுத்த ஆண்டு சாம்பியன் என்ற பெயரோடு சென்னைக்கு வந்தார்கள். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற இரண்டு ரசிகர் கூட்டமும் பறை, பதாகை, பாட்டு என்று எதையும் குறைக்கவில்லை. அந்த 2018-19 பருவத்தில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 13 தோல்வி, பத்து அணிகளில் பத்தாவது இடம். ஆளிருந்த மைதானத்தில் கடைசி இடம். ஆளில்லாத மைதானத்தில் எட்டாவது. இந்தக் கணக்கை வைத்து 'ரசிகர் வந்தால் அணி தோற்கும்' என்று ஒருவர் கிளம்பினால் சிரிப்போம். அதே தரத்துக் கணக்கைத் தலைகீழாக வைத்துப் பேசினால் மட்டும் உணர்ச்சிவசப்பட்டுக் கண் கலங்குகிறோம்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியெல்லாம் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். மகசூல் போனால் "மழை இல்லை" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடலாம், மறுத்துப் பேச ஆளிருக்காது. ஆனால் அதே மழை பெய்த அடுத்த ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது நம்மூர்க் கண்மாய் வெடித்துக் கிடந்தால், விவரமான பெரிசுகள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். வரத்துக்கால் ஏன் தூர்ந்து கிடக்கிறது, மடையை யார் உடைத்தது, கண்மாய்க்குள் கருவேலம் எப்படி வளர்ந்தது என்று கேட்பார்கள். கோவாவில் மழை யாருக்கும் பெய்யவில்லை. பதினோரு அணிக்கும் காலி நாற்காலிகள்தான். அதே காலி நாற்காலிகளுக்கு முன்னால் மும்பை சிட்டி புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்துக் கோப்பையையும் எடுத்துப் போனது. வடகிழக்கு அணி நடுவில் தடுமாறியபோது பயிற்சியாளரை மாற்றினார்கள். ஜனவரியில் பொறுப்பேற்ற காலித் ஜமீல் லீக் சுற்றின் மிச்ச ஆட்டம் எதிலும் தோற்காமல் அணியை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு யார் கைதட்டினார்கள்?

நம் கண்மாய் தூர்ந்த கதைக்கு வருவோம். 2019-20 பருவத்தில் பயிற்சியாளர் ஜான் கிரிகரி பாதியில் போக, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். கீழே கிடந்த அணி மேலேறி நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதிக்குப் போனது. அந்த இறுதி ஆட்டம், 2020 மார்ச் 14, தொற்றுப் பயத்தால் பூட்டிய அரங்கில்தான் நடந்தது. கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். கொல்கத்தாவுக்கும் அன்று பூட்டுதான். அதன் பிறகு கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அந்தப் பருவத்தில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிசும் அவர் பின்னாலேயே போனார். புதிதாக வந்தவர் சாபா லாஸ்லோ. நடுக்களத்தின் மூளையாக இருந்த கேப்டன் கிரிவெல்லாரோவும் பருவத்தின் நடுவில் காயத்தோடு வெளியேறினார்.

இப்போது லீக் சுற்றுக் கணக்கு. ரசிகர் இருந்த 2019-20-ல் 18 ஆட்டத்தில் 32 கோல் போட்டு 26 வாங்கினோம். ரசிகர் இல்லாத 2020-21-ல் 20 ஆட்டத்தில் 17 போட்டு 23 வாங்கினோம். அதாவது, இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியும் தடுப்பாட்டம் தேறியிருக்கிறது. கோல் போடுவது மட்டும் பாதிக்கு இறங்கியிருக்கிறது. கைதட்டல் இல்லாமல் கால் சோர்ந்தது என்றால் பின்கள ஆட்டக்காரர்களின் கால் ஏன் சோரவில்லை? அவர்களுக்கு மட்டும் தனியாக யாராவது விசில் அடித்தார்களா? கேரளத்துக்கு எதிரான ஆட்டத்தில் கிடைத்த பெனால்டியை நம் சில்வெஸ்டர் கோல்கீப்பர் கையில் கொடுத்தார், 0-0. அந்தப் பருவத்தின் 11 டிராவையும் அந்த ஓர் உதையில் பார்த்துவிடலாம். கோல் போடுகிறவர் போய்விட்டார், அவர் இடத்துக்குச் சரியான ஆள் வரவில்லை. இதைச் சொல்லக் காலி அரங்கம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டமே கோய்லின் ஜாம்ஷெட்பூருக்கு எதிராகத்தான். முதல் நிமிடத்திலேயே அனிருத் தாபா கோல் போட, 2-1 என்று நாம்தான் வென்றோம். எதிரணிக்கு விழுந்த அந்த ஒரு கோல் வால்ஸ்கிஸ் போட்டது! காலி மைதானத்தில் வெல்ல முடியாது என்ற பேச்சுக்கு முதல் நாளே பதில் இருந்தது. நாம்தான் கவனிக்கவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐரோப்பாவில் அரங்குகள் பூட்டப்பட்ட காலத்தில் சொந்த மைதானத்தின் பலம் குறைந்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2020-21 பருவத்தில் சொந்த ஊர் அணிகள் 144 ஆட்டத்தில் வென்றன. வெளியூர் அணிகள் 153-ல். அந்த நாட்டு முதல்நிலைக் கால்பந்தில் அதுவரை இப்படி நடந்ததே இல்லை. ஆக, கூட்டத்துக்கு ஒரு பலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பலம் எங்கே போய் விழுகிறது? கூட்டம் இல்லாத ஆட்டங்களில் வெளியூர் அணிக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டியது. நம் கூச்சல் ஆட்டக்காரரின் காலை விட ரெஃப்ரியின் கையைத்தான் அதிகம் அசைக்கிறது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது? போகட்டும். அந்தச் சாதகமும் உள்ளூர்க்காரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் நடுவே உள்ளது. கோவாவில் எஃப்.சி. கோவாவைத் தவிர எல்லாரும் வெளியூர்க்காரர்கள்.

லிவர்பூலைச் சொல்வார்கள். 2021 தொடக்கத்தில் ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் தோற்றார்களே, ரசிகர் இல்லாததால்தானே என்று. அந்த அணியின் தடுப்புச் சுவர் வான் டைக் அக்டோபரிலேயே முழங்கால் கிழிந்து படுத்துவிட்டார். கோமஸும் மாத்திப்பும் பின்னாலேயே போனார்கள். நடுக்கள ஆட்களைப் பின்னால் நிறுத்தி ஆடிய அணி அது. பாட்டுப் பாட ஆளில்லாததை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

கேரளா பிளாஸ்டர்ஸ் இன்னும் வேடிக்கை. நாட்டிலேயே பெரிய மஞ்சள் கூட்டம் அவர்களுடையது. 2016 இறுதி ஆட்டம் கொச்சியில், நிரம்பி வழிந்த அரங்கில், பெனால்டியில் தோற்றார்கள். 2021-22-ல், அதே பூட்டிய கோவாவில், வுகமனோவிச்சின் பயிற்சியில் பல ஆண்டுகளுக்குப் பிறகு இறுதி வரை வந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். பதோர்டா மஞ்சளாக மாறியது. அன்றும் பெனால்டியில் தோற்றார்கள்.

இவ்வளவு இருந்தும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? இரு தரப்புக்கும் லாபம் இருக்கிறது, அதனால்தான். ரசிகரைப் புகழ நிர்வாகத்துக்குச் செலவில்லை. நல்ல ஸ்டிரைக்கரைத் தக்கவைக்கக் கோடிகள் வேண்டும். 'நீங்கள்தான் எங்கள் பலம்' என்ற வாசகம் டிக்கெட்டையும் ஜெர்சியையும் விற்கும், தோற்றால் கேடயமாகவும் ஆகும். ரசிகருக்கோ, தன் தொண்டைக்கு ஒரு கோப்பை கிடைக்கிறது.

இதில் எங்களைப் போன்றவர்கள் எங்கே வருகிறோம்? அருப்புக்கோட்டையிலிருந்து நேரு விளையாட்டரங்கம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தறி ஓட்டுகிறவரும் கடைப் பையனும் வேலைநாள் ராத்திரி ஏழரை மணி ஆட்டத்துக்கு எந்த பஸ்ஸில் போவார்கள்? இந்த ஊரில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் கால்பந்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற சொற்பப் பேரின் சத்தம் எந்தக் காலத்திலும் மைதானத்தை எட்டியதில்லை. "ஸ்டேடியத்துக்கு வராதவன் என்ன ரசிகன்?" என்று முன்பு எங்களைக் கேட்டவர்கள் உண்டு. அரங்குக்குப் பூட்டு விழுந்தபோது அவர்களும் டிவி முன்னால்தான் உட்கார்ந்தார்கள். கோவா மைதான ஓரத்தில் திரை வைத்து அதில் வீட்டிலிருக்கும் ரசிகர்களின் முகங்களைக் காட்டினார்கள். அந்த முகங்களைப் பார்த்து யார் கோல் போட்டார்கள்? காலி அரங்கில் எனக்குப் பிடித்த ஒன்றும் நடந்தது. பயிற்சியாளரின் அதட்டலும், "மேன் ஆன்" என்று பின்களத்திலிருந்து வரும் எச்சரிக்கையும், பந்தை உதைக்கும் ஓசையும் முதல்முறையாகக் காதில் விழுந்தன. ஆட்டத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கஷ்ட காலத்துல போய் விமர்சனம் பண்ணலாமா? மாசக்கணக்குல குடும்பத்தை விட்டு அடைஞ்சு கிடக்காங்க" என்றும் சொன்னார்கள். அடைந்து கிடந்தது உண்மை, அந்தத் தனிமை சாதாரணமில்லை. தோற்ற ராத்திரியில் ஆட்டக்காரரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் அவர் தாயை இழுத்துத் திட்டியவர்களை நான் ரசிகர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனால் வால்ஸ்கிஸ் இடத்துக்கு யார் என்று நிர்வாகத்தைக் கேட்பது எந்த ஆட்டக்காரரையும் புண்படுத்தாது. சொல்லப்போனால், கோல் போட ஆளில்லாத அணியில் ராத்திரிக்கு ராத்திரி தடுத்து நின்று டிரா வாங்கித் தந்த பின்கள ஆட்டக்காரர்களுக்கு, அந்தக் கேள்விதான் நாம் செய்திருக்கக்கூடிய ஒரே உதவி. நாமோ 'ரசிகர் இல்லையே' என்று சொல்லி நிர்வாகத்துக்கு அந்தக் கேள்வியிலிருந்து விடுமுறை கொடுத்தோம்.

விடுமுறை நீண்டது. 2021-22-லும் கோவாதான், பயிற்சியாளராகப் பாண்டோவிச் வந்தார், எஃப்.சி. கோவாவிடம் 0-5 என்று தோற்ற பிறகு பிப்ரவரியில் போனார், எட்டாவது இடம். 2022-23-ல் கதவு திறந்தது. பறை திரும்பி வந்தது, பாட்டு திரும்பி வந்தது, பி ஸ்டாண்ட் நிரம்பியது. பருவம் முடிந்தபோது சென்னையின் எஃப்.சி. நின்ற இடம் மறுபடி எட்டு. அடுத்த ஆண்டு நிர்வாகம் ஓவன் கோய்லைத் திரும்ப அழைத்து வந்தது; ஆறாவது இடம், பிளே-ஆஃப் வாய்ப்பு.