ஆள் குடியிருக்கும் வீடு

பொங்கல் விடுமுறைக்கு எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள வீட்டில் பதினான்கு பேர் வந்து தங்கிப் போனார்கள். அவர்கள் போன மூன்றாம் வாரம், ஓடையில் நண்டு தேடி இறங்கிய என் மகளின் உள்ளங்காலில் பாட்டில் சில்லு ஏறியது. அவளுக்கு ஐந்து வயது. மூன்று தையல் போட்டார்கள். அந்த வீட்டுக் காவலாளியிடம் போய்க் கேட்டேன். "நான் என்னக்கா சொல்றது, காசு குடுத்து வந்தவங்க" என்றார். வீட்டுக்குச் சொந்தக்காரர் இருப்பது ஓர் ஊரில். அதைக் குத்தகைக்கு எடுத்து நாள் வாடகைக்கு விடுகிறவர் இருப்பது இன்னோர் ஊரில். இரண்டு பேரிடமும் போனில் பேசினேன். இரண்டு பேரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்த வருத்தத்தோடு ஓடையில் இறங்கி மீதிச் சில்லைப் பொறுக்க அங்கே ஒருவரும் இல்லை. நானும் என் கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பொறுக்கினோம். ஒரு வாளி நிறையக் கிடைத்தது.

நாங்களும் வீட்டில் அறை விடுகிறவர்கள்தான். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குச் சற்றுக் கீழே நான்கு ஏக்கர் காப்பித் தோட்டமும் மாமனார் கட்டிய ஓட்டு வீடும் எங்களுடையவை. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும், இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும் உண்டு. அந்த மலைவாழைக்கு 2008-இல் விருப்பாட்சி வாழை என்று புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே முடிக்கொத்து நோய் பல தோட்டங்களை அழித்துவிட்டது. காப்பியும் மிளகுமாகத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. ஒரே இரவில் எங்கள் சில்வர் ஓக் மரங்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை காப்பிச் செடிகளின் மேல் சாய்ந்தன. ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. மகனுக்கு அப்போது இரண்டு வயது. புதிதாக நட்ட காப்பி பழம் கொடுக்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 2019-இல் வீட்டின் மேற்குப் பக்கத்து இரண்டு அறைகளை வெள்ளையடித்து, குளியலறை கட்டி, ஆட்களுக்கு விட ஆரம்பித்தோம். மறு வருடமே ஊரடங்கு. எல்லாவற்றையும் தாண்டி இன்றைக்கு வீட்டு வருமானத்தில் பாதி அந்த இரண்டு அறைகளிலிருந்து வருகிறது. அதனால், மலையில் யாரும் வந்து தங்கவே கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மலைக் கிராமத்தில் வீட்டை விருந்தினருக்கு விடுகிறவர், அந்த வீட்டில் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். இது புதிய யோசனை இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா' ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம், உரிமையாளர் குடும்பத்தோடு அதே இடத்தில் வசிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பம். சேராதவர்களும் பலகையில் 'ஹோம்ஸ்டே' என்று எழுதிக்கொள்கிறார்கள். ஹோம் என்றால் வீடு. யாரும் வசிக்காத கட்டடத்தை எப்படி வீடு என்பது?

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். வேண்டியதுதான். மே மாதம் மலைப்பாதையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வண்டியை எண்ணுகிற நாம், அந்த வண்டி போய் நிற்கிற வீட்டில் அடுப்பு எரிகிறதா, அங்கே ஒரு பாட்டியோ பிள்ளையோ இருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை.

பிள்ளை இருக்கிற வீட்டில் என்ன மாறிவிடும்? என் வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் பொழுது விடிந்தால் வெளியே. மகனுக்கு இப்போது ஒன்பது வயது. சீகாரப் பூங்குருவி ஓடைப்பக்கம் சீட்டியடித்தால், பல் விளக்காமல் அந்தத் திசைக்குப் போய்விடுவான். மகள் செருப்புப் போட மாட்டாள். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் இருவரும் பறிப்பவர்களோடே கிடப்பார்கள். சாயங்காலம் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் ஓடும்போது வழுவழுவென்று விழுகிற கொட்டையை அள்ளி விளையாடுவார்கள். இப்படித் திரிகிற இரண்டு பேர் வீட்டில் இருந்தால், விருந்தினருக்கான சட்டங்களை நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. கண்ணாடி பாட்டில் தோட்டத்துக்குள் போகாது. வாசல் மண்பாதையில் கார் மெதுவாக வரும். குரங்குக்குச் சிப்ஸ் போட முடியாது. ஒருமுறை போட்டால் மறுநாள் அது என் மகள் கையிலிருக்கும் கொய்யாவைப் பிடுங்க வரும். பிள்ளைக்கு ஆகாத எதுவும் இந்த மலைக்கும் ஆகாது என்பதை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கேம்ப் ஃபயர் உண்டா?" இல்லை என்று சொன்னதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் எங்கள் சரிவில் புல் காய்ந்து முறுமுறுவென்று கிடக்கும். காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை வரும்வரை ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2018 மார்ச்சில் பக்கத்து மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. காய்ந்த மலையில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்காகச் சொல்கிறேன். என் பிள்ளைகள் தூங்குகிற வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, முன்பின் தெரியாத ஒருவர் நள்ளிரவில் அணைக்காமல் விட்டுப்போகிற நெருப்பை நான் எந்த வாடகைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆளில்லாத வீடுகளில் அதற்கென்றே சிமெண்டு வட்டம் கட்டி விளம்பரப் படம் போடுகிறார்கள்.

அடுத்தது சத்தம். ஒன்பது மணிக்கு வெளி விளக்குகளை அணைத்துவிடுவோம். கோடையில் காட்டு மாடுகள் தொட்டியடிக்குத் தண்ணீருக்கு வரும். ஜன்னல் கதவை ஒரு சாண் திறந்து, என் மகன் விருந்தினர் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துக் காட்டுவான். கன்றோடு வந்தால் மூச்சுக்கூட விட மாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இரவு, தங்க வந்த இளைஞர்கள் காரின் ஸ்பீக்கரைத் திடீரென்று முழுச் சத்தத்தில் வைத்தார்கள். ஐந்தாறு மாடுகள் மிரண்டு சரிவில் பாய்ந்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவின் பீன்ஸ் கொடிகளை மிதித்துக்கொண்டு ஓடின. விடிந்ததும் அவர் முகத்தில் நான்தான் விழித்தேன். அவர் திட்டவில்லை. "ஏம்மா, நீ வீட்ல இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். பீன்ஸுக்குப் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து முன்பதிவு செய்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அறை கொடுக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியவர் நடத்துகிற வீடும், விழிக்க வேண்டாதவர் நடத்துகிற வீடும் ஒன்றாக இருக்க முடியாது. எந்த அதிகாரி வந்து கண்காணித்தாலும் அந்தப் பெரியம்மாவின் கேள்விக்கு அது ஈடாகாது.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மகன் விருந்தினரோடு ஓடைவரை நடந்துபோய் வழி காட்டுவான். ஏழு வயதுப் பையன் மலை அணில் கூட்டையும் தேன்கூட்டையும் காட்டுவது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். திரும்பி வரும்போது நூறு, இருநூறு கையில் வைப்பார்கள். வீடியோவும் எடுப்பார்கள். நாங்களும் அதில் தப்பாக எதையும் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை யாரும் வரவில்லை. பூங்குருவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவன் திண்ணையில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போகலையாடா?" என்றேன். "ஆள் வரட்டும்மா" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவனுக்காகத்தான் இந்த மலையில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவனுடைய ஓடையை அவனிடமிருந்து வாங்கி விற்றுக்கொண்டிருந்தோம். அன்றோடு வழிகாட்டும் வேலையை நிறுத்தினோம். இப்போது பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது, காசு கொடுக்கக் கூடாது. விருந்தினர் பிள்ளைகள் சேர்ந்து விளையாடலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும். சென்னையிலிருந்து வந்த ஒரு சிறுவன் முதல் நாள் மண்ணில் கால் வைக்க அழுதான். மூன்றாம் நாள் ஷூவைத் தேடித் தேடி அவன் அம்மா அலுத்துப்போனார். அது பாறைக்கடியில் இருந்தது, உள்ளே ஒரு நண்டோடு.

இப்படி வளர்க்கும்போது பயமும் இருக்கிறது. மகளுக்கு மூன்று வயதில், ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் இறங்கவில்லை. சளிக் காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். கீழே பத்தலகுண்டில் ஒரு மருத்துவர் துணியைக் களைந்து உடம்பெல்லாம் தேடினார். முழங்காலுக்குப் பின்னால், சிகரெட் சுட்டது போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு இருந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் என்றார். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருகிற நோய். சரியான மருந்து உள்ளே போனதும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. தாமதமானால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் வெந்நீர்க் குளியல், உடனே துணி மாற்றம், காது மடலின் பின்புறம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டோம். வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்கிறேன். சிலர் முகம் மாறும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, போனில் வழி சொல்கிற வீட்டில் இதை யார் சொல்வார்கள்?

வெளியூர்க்காரர்கள் முதல் போடுவதால்தான் எங்கள் ஆட்களுக்கு வேலை கிடைக்கிறது என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வேலை கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது? பாட்டிலை உடைக்காதீர்கள் என்று காவலாளியால் சொல்ல முடியாது. சொன்னால் வந்தவர்கள் இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள், மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. குடியிருக்கிறவரால் மட்டும்தான் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். வெளியூர்க்காரர் இங்கே நிலம் வாங்கி, வீடு கட்டி, குடும்பத்தோடு இருந்து அறை விடட்டும். அவர் பிள்ளையும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வரட்டும். மனதார வரவேற்கிறேன். இருக்க முடியாதவர், இங்கே குடும்பமாக வசிக்கிற ஒருவரிடம் வீட்டை ஒப்படைத்து, மறுக்கும் உரிமையையும் லாபத்தில் பங்கையும் அவருக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொரு ஊராட்சியும் எந்த வீட்டில் யார் குடியிருந்து அறை விடுகிறார் என்று பெயரோடு பட்டியல் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

சட்டம் போட்டாலும் தீராத சிக்கல் ஒன்று இந்த வேலையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். எங்களுக்கு வரும்படி அதிகமுள்ளதும் மே மாதம்தான். ஊரடங்கு முடிந்த பிறகு மூன்று வருடம் பிள்ளைகளின் விடுமுறை முழுவதும் நான் அடுப்படியில், என் கணவர் போர்வை துவைப்பதில். ஊருக்கெல்லாம் மலையைக் காட்டினோம், எங்கள் பிள்ளைகளோடு புல்லாவெளி அருவிவரை போய் வர ஒரு நாள் கிடைக்கவில்லை. இப்போது மே 10 முதல் 20 வரை அறைகளைப் பூட்டிவிடுகிறோம். ஒரு நாளைக்கு ஓர் அறை 2,500 ரூபாய். கணக்குப் போட்டால் வலிக்கும். ஆனால் அந்தப் பதினொரு நாளும் வீட்டில் குடியிருக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

போன வாரம் மதுரையிலிருந்து ஒருவர் அழைத்தார். போன வருடம் குடும்பத்தோடு வந்தவர். மே 12, 13 வேண்டும் என்றார். "அப்ப எங்க பிள்ளைங்களுக்கு லீவுண்ணா, அறை விடுறதில்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, காலாண்டு விடுமுறைக்கு வரலாமா என்று கேட்டார். "வாங்கண்ணா, ஆனா அப்ப மழை பிடிச்சிரும், அட்டை ஏறும்" என்றேன். பின்னாலிருந்து அவர் மகளின் குரல் கேட்டது. அட்டைக்குப் போட உப்பைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வருவதாகப் பாப்பாவிடம் சொல்லச் சொன்னாள்.