கை முதலில், கேள்வி பிறகு

பொருட்காட்சிக்குப் போகாத சென்னைக் குழந்தை உண்டோ? பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சி என்றால், மணலி, திருவொற்றியூர், இராயபுரம் வாழ் மக்களாகிய நமக்கு அது ஒரு திருவிழாவே! டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மரணக் கிணறு, இவற்றுக்கெல்லாம் மேலாக வண்ண விளக்குகளுடன் வானைத் தொடும் ராட்சத ராட்டினம்! அங்கே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சற்றுக் கீழே பாருங்கள். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, "நான் வரல" என்று விம்மும் ஒரு குழந்தை நிச்சயம் நின்றுகொண்டிருக்கும். அந்தக் குழந்தையைப் பற்றியதே என் கட்டுரை.

அக்குழந்தையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "டிக்கெட் வாங்கியாச்சு, கம்முனு ஏறு" என்கிறோம். "உன்னைவிடச் சின்னப் பாப்பா ஏறுது பார்" என்கிறோம். ஆண் குழந்தையாக இருந்துவிட்டால், "ஆம்பளப் புள்ள பயப்படலாமா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். முதலாவது அதட்டல், இரண்டாவது ஒப்பிடுதல், மூன்றாவது ஏளனம். இம்மூன்றில் எதுவும் பயத்தைப் போக்குவதில்லை. பயத்தை மறைக்கவே கற்றுத் தருகிறது. பயத்தை மறைக்கும் குழந்தை, பயப்படும் குழந்தையைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. இதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. பொருட்காட்சியில் 'கொலம்பஸ்' என்று சொல்லும் கப்பல் ஊஞ்சலைக் கண்டதும் அவன் கால்கள் நகர மறுத்தன. எங்கள் மாமா நல்லவர். தம்பிமீது உயிரையே வைத்திருப்பவர். "ஒரு தடவை ஏறிட்டா பயம் தெளிஞ்சிடும்" என்று அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். கப்பல் ஆடத் தொடங்கியதும் அவன் கத்தினான். கீழே நின்ற நாங்கள் சிரித்தோம். ஆம், நானும்தான் சிரித்தேன். இறங்கியவுடன் வாந்தி எடுத்தான். வீடு திரும்பும் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் தெளிந்ததா? இல்லை. அதற்குப்பின் பல மாதங்கள் ரயில் நிலைய மேம்பாலத்தின் படிகளில் ஏறவும் அஞ்சினான்.

அதைவிடப் பெரிய தீங்கு பின்னர்தான் தெரியவந்தது. தெருவில் ஒரு பெரிய பையன் வாரக்கணக்கில் அவனை மிரட்டித் தின்பண்டக் காசைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஆயாதான் ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தார். "ஏன்டா கண்ணு, அக்காகிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்று ஆயா கேட்டதற்கு அவன், "சொன்னா சிரிப்பீங்க" என்றான். அந்த இரண்டு சொற்கள் என்னைச் சுட்டன. கொலம்பஸில் சில நிமிடம் சிரித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

பயம் என்பது குற்றமன்று. அது உடலின் வேலை. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அட்ரினலினை 'அவசரகால ஹார்மோன்' என்று படிக்கிறோம். ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினல் சுரப்பி அதனைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்து உண்மையானதா, விளையாட்டானதா என்று அந்தச் சுரப்பி விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. மேலும், நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. நாம் திரும்புவதையும் சுழல்வதையும் அவை மூளைக்கு அறிவிக்கின்றன. ஊஞ்சல் சரேலென்று கீழிறங்கும்போது, இருக்கையும் நாமும் சேர்ந்தே விழுவதால், நம்மைத் தாங்கும் விசை குறைந்து வயிறு மேலே கிளம்புவது போல் தோன்றுகிறது. பெரியவர்களுக்கு அது கிளுகிளுப்பு. காரணம் அறியாத ஏழு வயதுக் குழந்தைக்கோ தன் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற திகில்! "பயப்படாதே" என்று கட்டளையிட்டால் நின்றுவிடுவதற்கு இதயம் என்ன மின்விசிறியா?

அன்றியும், குழந்தையின் பயம் எப்போதும் பொய்யென்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினம் ஒன்று பழுதாகி உயரத்திலேயே நின்றுவிட்டது. ஏறியிருந்தவர்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தனர். தீயணைப்புப் படையினர் ராட்சத ஏணி கொண்டுவந்து அனைவரையும் பத்திரமாக இறக்கினர். எனவே "ஒண்ணும் ஆகாது" என்று குழந்தைக்குச் சத்தியம் செய்துகொடுக்க நமக்கு உரிமையில்லை. பெல்ட் பூட்டப்பட்டிருக்கிறதா, உயரம் அளக்கும் பலகையில் குழந்தை அந்தக் கோட்டைத் தொடுகிறதா, இயக்குபவர் கவனமாக இருக்கிறாரா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று வள்ளுவப் பெருந்தகை 'அறிவுடைமை' அதிகாரத்தில் கூறியிருப்பதைக் கவனியுங்கள். அதை அவர் கோழைத்தனத்தில் சேர்க்கவில்லை, அறிவில் சேர்த்தார்!

அப்படியானால் பயந்த குழந்தையை அப்படியே விட்டுவிடுவதா? அதுவும் சரியன்று. பயத்தைப் பழக்கத்தால் குறைக்க முடியும் என்பதற்கு மணலியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இங்கே 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாய் உச்சியில் நெருப்புக் கொழுந்து எரிவதை நாங்கள் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் அத்தை மகள், முதல் இரவு அதைக் கண்டு "ஊரே எரியுது" என்று அலறிவிட்டாள். நாங்களோ அந்த வெளிச்சத்தில் நிம்மதியாக உறங்குகிறோம். நாங்கள் வீரர்கள் என்பதாலா? இல்லை. தாயின் இடுப்பில் இருந்துகொண்டே தூரத்தில் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவ்வளவுதான். அவளும் பத்து நாளில் பழகிவிட்டாள்.

இதையே அறிஞர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி 1924-இல் எழுதினார். அவனுக்கு இன்னும் மூன்று வயதுகூட நிறையவில்லை. அவன் விருப்பமான உணவை உண்ணும்போது, முயலைக் கூண்டில் வைத்துத் தொலைவில் காட்டினார்கள். பிறகு சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். முயலுக்கு அஞ்சாத குழந்தைகளையும் அவனுடன் விளையாட விட்டார்கள். கடைசியில் அவனே முயலைத் தொட்டுத் தடவினான். முயலை அவன் மடியில் தூக்கிப் போட்டு, "இப்போது தெளிந்துவிடும்" என்று அவர் சொல்லவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ராட்டினத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை அமைத்தார். அதில் 36 பெட்டிகள்; பெட்டிக்கு 60 பேர்! அது நிற்குமா, சரிந்து விழுமா என்று கற்றறிந்த பொறியாளர்களே ஐயப்பட்டனர். பெட்டிகளைப் பூட்டி வெள்ளோட்டம் விட்டபோது ஃபெரிஸின் மனைவியே அதில் ஏறிச் சுற்றி வந்தார். படித்த பெரியவர்களுக்கே ஐயம் தீரச் சான்று தேவைப்பட்டதென்றால், ஒரு பச்சைக் குழந்தை, "நீ முதலில் ஏறிக் காட்டு, நான் பார்க்கிறேன்" என்று கேட்பதில் தவறென்ன?

ஆகவே, வீட்டில் இளையவர்களை உடைய சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். புறப்படும் முன்பே அங்கே என்ன இருக்கும், எப்படிச் சுற்றும், எவ்வளவு நேரம் சுற்றும் என்று சொல்லுங்கள். போனவுடன் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். கீழே நின்று பார்க்க விடுங்கள். எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முடிவு தெரிந்த பயம் பாதிப் பயம்! ஏறியவர்கள் சிரித்துக்கொண்டு இறங்குவதை அவர்கள் தம் கண்ணால் காணட்டும். முதலில் குட்டி ரயில், பிறகு குதிரை ராட்டினம் என்று சிறியதிலிருந்து தொடங்குங்கள். வயிறு நிறையத் தின்றவுடன் ஏற்றாதீர்கள். "வயிறு கிளம்புவது போல் இருக்கும், அது எல்லாருக்கும் வரும், உடனே போய்விடும்" என்று முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பின்னும் "வேண்டாம்" என்றால், அந்தச் சொல்லை மதியுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். நம்பிக்கை போனால் திரும்ப வாங்க எந்தக் கவுண்டரிலும் டிக்கெட் இல்லை.

"இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை கோழையாகிவிடும். எங்களை எல்லாம் அடித்துத்தான் வளர்த்தார்கள், நாங்கள் நன்றாக இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அவர்களுடைய கவலை நியாயமானதே. உலகம் கடினமானது, துணிவு இல்லாமல் வாழ முடியாது. ஆனால் மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு வரும்போது, எந்தத் தாயாவது, "தைரியமாக நீயே கடந்து வா" என்று பிள்ளையைச் சாலையில் தள்ளிவிடுகிறாளா? கையைப் பிடித்து நூறு முறை கடக்க வைக்கிறாள். நூற்றோராவது முறை பிள்ளை தானே கடக்கிறான். துணிவு வளரும் வழி அதுவே.

மேலும், எங்கள் ஊரைப் போன்ற தொழிற்பகுதியில் "பயமா இருக்கு" என்று சொல்லும் குழந்தை நமக்குப் பெரும் துணை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்ததையும், எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெயும் கலந்து வந்து வீடுகளைப் பாழாக்கியதையும் நாம் மறக்கவில்லை. தண்ணீரில் அறுந்து கிடக்கும் மின்கம்பியையோ, காற்றில் வரும் புதிய நெடியையோ ஒரு குழந்தை முதலில் உணரலாம். "சொன்னால் சிரிப்பார்கள்" என்று அது வாயை மூடிக்கொண்டால் இழப்பு யாருக்கு?

நாம் வேதாகம வகுப்பில் படித்த ஒரு நிகழ்ச்சியுடன் முடிக்க விரும்புகிறேன். கடல்மீது நடந்து சென்ற புனித பேதுரு, காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கினார். "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று கதறினார். இயேசுபிரான் என்ன செய்தார்? உடனே கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். ஏன் ஐயப்பட்டாய் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. கை முதலில், கேள்வி பிறகு. நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கேள்வி கேட்டு, சிரித்து, அதட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் கையை நீட்டுகிறோம். சில நேரங்களில் அதையும் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கொலம்பஸ் நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு நாங்கள் மறுபடியும் தீவுத்திடலுக்குச் சென்றோம். நான் தம்பியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அன்று அவன் குட்டி ரயிலில் மட்டும் சென்றான். மற்ற நேரமெல்லாம் ராட்சத ராட்டினத்தின் அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினான். மாமாவும் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று தானும் எண்ணினார். அதற்கும் அடுத்த ஆண்டு அவனாகவே, "அக்கா, நீ வந்தா ஏறுறேன்" என்றான். முதல் சுற்றில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டாம் சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தான். உச்சியில் துறைமுகத்து விளக்குகள் தெரிந்தபோது, "மணலி எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டான். நான் வடக்கே கை காட்டினேன்; என்னுடைய மற்றொரு கை அவன் பிடியில் இருந்தது.

கொலம்பஸில் அவன் இன்றுவரை ஏறவில்லை. நான் கேட்பதும் இல்லை. ஆனால் பயம் வந்தால் இப்போது என்னிடம் வந்து சொல்கிறான். எனக்கு அது போதும். அடுத்த பொருட்காட்சியில், ராட்டினத்தின் அடியில் அழும் குழந்தையைக் காணும்போது, நாமும் கையை முதலில் நீட்டுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி