இலை மஞ்சளானா தெய்வக் குத்தமா? முதல்ல தொட்டியைப் பாருங்க

 

கோயில்ல சேவை செய்யிற எங்ககிட்ட அர்ச்சனை, அன்னதானம், பால்குடம் பத்திக் கேக்கிறவங்க நிறைய. அதோட, கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியும் வரும்: "சாமி அலமாரிகிட்ட வச்ச செடி மஞ்சளாகிட்டே வருது. வீட்டுல ஏதாச்சும் குறை இருக்குமா?" நம்ம ஜார்ஜ்டவுன் ஃபிளாட்டுகள்ல துளசிக்கு வேண்டிய வெயில் எல்லா வீட்டுக்கும் கிடைக்காது. அதனால சில பேர் ஆப்பிரிக்கன் வயலட் வாங்கி உள்ளே வைக்கிறாங்க. சின்னத் தொட்டி, வெல்வெட் மாதிரி இலை, ஊதாப் பூ, லைட் வெளிச்சத்திலேயே பூக்கும். அது மஞ்சளாக ஆரம்பிச்சா மனசு கலங்கிடுது.

கலக்கத்தோட நின்னா பரவாயில்ல. சில வீட்டுல பழி ஒரு ஆள் மேல விழுது. "புது மருமக வந்த நேரம்", "தீட்டு நாள்ல தொட்டிருப்பா", இப்படிப் பேச்சு போகுது. செடிக்கு வந்த நோய்க்கு ஒரு பொண்ணு கண்ணீர் விடுறது எந்த சாமிக்கும் சந்தோஷம் தராது. அதனால எங்க கருத்தை நேராவே சொல்றோம். இலை மஞ்சளாறதுக்குக் காரணம் தொட்டியிலயும், தண்ணியிலயும், வெளிச்சத்திலயும் இருக்கு. யாரோட ராசியிலயும் இல்ல. பூஜை அறை ஆசாரம் அவங்கவங்க வீட்டு விருப்பம், அதுல நாங்க தலையிடல. ஆனா பூச்செடி வளர்க்கிற எத்தனையோ நர்சரியில பெண்கள்தான் மாசம் முப்பது நாளும் செடியைத் தொட்டு வேலை செய்யிறாங்க. அங்கே செடி நல்லாத்தானே பூக்குது?

"இதெல்லாம் இந்தக் காலத்துப் பேச்சு"ன்னு சில பெரியவங்க சொல்லலாம். அப்படி இல்லீங்க. சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த வராகமிகிரர், ஜோதிடத்துக்கே பேர் போனவர், தன்னோட பிருகத் சம்ஹிதையில மரம் செடிகளுக்குன்னு தனி அத்தியாயம் எழுதியிருக்கார். இலை வெளிறிப் போறது, துளிர் வளராம நிக்கிறது, கிளை காயுறது எல்லாம் நோயோட அடையாளம்னு சொல்றார். அந்த நோய்க்கு அவர் சொல்ற காரணம் குளிர், காத்து, வெயில். நாள் கோள் பார்த்த மனுஷரே செடியோட நோய் விஷயத்துல தட்பவெப்பத்தைத்தான் பார்த்தார். நாம ஏன் முதல்ல தோஷத்துக்குப் போறோம்?

இந்தச் செடி எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா பாதிப் பிரச்சினை புரிஞ்சிடும். கிழக்கு ஆப்பிரிக்காவுல, இப்போதைய தான்சானியாவோட உசம்பரா மலைப் பக்கம்தான் இதுக்குப் பூர்வீகம். அங்கே வேலை பார்த்த ஜெர்மன் அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் 1892-ல இதை ஜெர்மனிக்கு அனுப்பினார். மறு வருஷமே அவர் பேராலேயே செயின்ட்பாலியான்னு பெயர் வச்சாங்க. காட்டுல மர நிழல்ல, பாசி படிஞ்ச பாறை இடுக்குல வளரும் செடி இது. அப்போ அதுக்கு வேண்டியது மூணு: நேர் வெயில் இல்லாத வெளிச்சம், வேருக்குக் காத்து, ரொம்பச் சூடில்லாத இடம். நம்ம பினாங்கு கீழ்ப் பகுதியில பகல்ல 31, 32 டிகிரி வரும். அதுக்குப் பிடிச்ச இதம் கொடிமலை மேலதான் இருக்கு. அதனால இங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும்.

இப்ப செடியைக் கையில எடுங்க. மஞ்சள் எந்த இடத்துல வந்திருக்குன்னு பாருங்க. காரணத்தை அந்த இடமே சொல்லிடும்.

அடி வரிசையில ஒண்ணு ரெண்டு இலை மட்டும் மஞ்சளா? நடுத் துளிர் பச்சையா இருக்கா? அது வயசான இலை. பக்கவாட்டுல மெல்ல அசைச்சுக் கிள்ளிடுங்க. கவலையே வேணாம்.

அடி இலைகள் நிறைய மஞ்சளாகி, தொய்ஞ்சு, மண்ணும் ஈரமா இருக்கா? இதுதான் நாங்க அதிகமா பாக்கிறது. வேர் அழுகல். செடி துவண்டு கிடக்கேன்னு இன்னும் தண்ணி ஊத்துவோம், அது இன்னும் அழுகும். தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்க. வெள்ளையா உறுதியா இருந்தா நல்ல வேர். பழுப்பா கொழகொழன்னு இருந்தா வெட்டிடுங்க. பீட்டும் பெர்லைட்டும் கலந்த லேசான மண்ணுல, இருக்கிற வேருக்கு ஏத்த சின்னத் தொட்டியில வைங்க. வேரே மிஞ்சலன்னாலும் நம்பிக்கை விட வேணாம். நல்ல இலை ஒண்ணை ஓர் அங்குலக் காம்போட வெட்டி ஈர மண்ணுல செருகினா, சில மாசத்துல அடியிலிருந்து குட்டிச் செடி வரும்.

மேல் இலை எல்லாம் வெளிறி, விறைப்பா, நடுவுல நெருக்கமா சுருங்குதா? வெளிச்சம் அதிகம். மேற்கு ஜன்னல் மத்தியான வெயில்ல வச்சிருப்பீங்க. காலை வெயில் மட்டும் மிதமா படுற இடத்துக்கு மாத்துங்க. இலைக்காம்பு நீண்டு நீண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாஞ்சா அதுக்கு நேர் எதிர், வெளிச்சம் பத்தல.

இலையில வளையம் வளையமா, கோடு கோடா மஞ்சள் திட்டு விழுந்திருக்கா? குளிர்ந்த தண்ணி இலை மேல பட்ட அடையாளம். ஃபிரிட்ஜ் தண்ணி வேணாம். அறைச் சூட்டில இருக்கிற தண்ணியைத் தட்டுல ஊத்தி, தொட்டியை அரை மணி நேரம் வச்சு, மிச்சத்தைக் கொட்டிடுங்க. ஏர்கண்டிஷன் காத்து நேரா படுற இடமும் ஆகாது.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா, மண்ணோட காரத்தன்மை கூடியிருக்கும், இரும்புச்சத்து செடிக்கு எட்டல. மண்ணை மாத்துங்க. பழைய இலையிலிருந்து ஆரம்பிச்சு செடி முழுக்க வெளிறி, வளர்ச்சியும் நின்னா, பசி. பாதிக்கும் குறைவா கலக்கின உரம் போதும். தொட்டி விளிம்புல வெள்ளைப் பொருக்கு தெரிஞ்சா உரம் அதிகமாயிடுச்சு. நல்ல தண்ணி விட்டு மண்ணை அலசுங்க. இலைக்காம்பு இடுக்குல பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட காட்டன் பட்டால துடைச்சு, மத்த செடியிலிருந்து தள்ளி வைங்க.

இனி, பூஜை அலமாரிக்கே உரிய சங்கதிகள். நாம பக்தியோட செய்யிறதே சில நேரம் செடிக்குச் சிரமம் ஆயிடுது. பாலோ அபிஷேகத் தீர்த்தமோ சின்னத் தொட்டியில ஊத்தினா புளிச்சு, பூஞ்சை பிடிச்சு, வேருக்குக் காத்து போகாது. விளக்கெண்ணெய் சிந்தினாலும் மண்ணு தண்ணியை ஒழுங்கா இழுக்காது. அகல் விளக்கு பக்கத்துலயே இருந்தா இலை ஓரம் கருகும். சாம்பிராணிப் புகையிலயும், தட்டுல பழுக்கிற வாழைப்பழத்திலயும் எத்திலீன்னு ஒரு வாயு வருது. மூடின சின்ன இடத்துல அது தேங்கினா பூ சீக்கிரம் கொட்டும், இலையும் சீக்கிரம் முதிரும். நைவேத்தியத்தை நிறுத்தச் சொல்லல. செடியைக் கொஞ்சம் தள்ளி வைங்க, ஜன்னலைத் திறங்க, அவ்வளவுதான்.

விவரம் தெரிஞ்சவங்க ஒண்ணு கேக்கலாம்: "வராகமிகிரரே பால் கலந்த தண்ணி ஊத்தச் சொல்லியிருக்காரே?" உண்மைதான். ஆனா அவர் முதல்ல சொல்றது கெட்ட பகுதியைக் கத்தியால வெட்டிச் சுத்தம் பண்றது, அப்புறம் மருந்து பூசுறது, அதுக்கப்புறம்தான் பால் கலந்த தண்ணி. அதுவும் தோட்டத்துல தரையில நிக்கிற மரத்துக்கு. நாலு அங்குல பிளாஸ்டிக் தொட்டிக்கு இல்ல. சாமிக்கு வச்ச பாலை நாம பிரசாதமா குடிக்கலாம், செடிக்குத் தண்ணி போதும்.

துளசி வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. துளசிக்குத் தினம் அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும். பூத்துக் காய்ச்சு விதை முத்தினா அது தானாவே மஞ்சளாகிக் காயும், அது அதோட ஆயுசு. மஞ்சரியை முத்தவிடாம அப்பப்போ கிள்ளிப் பெருமாளுக்குச் சாத்தினா செடி புதுசா துளிர்க்கும். நம்ம வழிபாட்டுலயே அந்தப் பராமரிப்பு இருக்கு பாருங்க. முத்தின விதை கொஞ்சம் எடுத்து வச்சா அடுத்த செடியும் தயார்.

"அப்போ துளசி வாடினா வீட்டுக்கு ஆகாதுன்னு பாட்டி சொன்னது பொய்யா?" பாட்டியை நாங்க குறை சொல்லல. அந்தப் பேச்சாலதான் தினம் காலையில யாராவது ஒருத்தர் செடியைப் போய்ப் பார்த்தாங்க. தண்ணி விட்டாங்க, பூச்சி பார்த்தாங்க. அந்தக் கவனத்தை வச்சுக்குவோம். பயத்தையும் பழியையும் விட்டுடுவோம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். வாடின செடியைத் தூக்கிப் போட மனசில்லாம சில பேர் கோயில் மரத்தடியில விட்டுட்டுப் போறாங்க. உங்க மனசு எங்களுக்குப் புரியுது. ஆனா வெயிலும் மழையும் பட்டு அது அங்கேயே செத்துப் போகுது, சேவைக்கு வர்ற பிள்ளைங்கதான் அள்ளிப் போடணும். கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, வேரைப் பாருங்க. பிழைக்க வழி இருந்தா வீட்டிலேயே பிழைக்கும். வழியே இல்லன்னா நல்ல இலை ஒண்ணை எடுத்துப் புதுசா நடுங்க, மிச்சத்தை மண்ணுக்கே உரமாக் கொடுங்க.

யாராவது வீட்டுல "இது யார் தொட்டதால வந்துச்சு?"ன்னு ஆரம்பிச்சா, இந்தப் பதிவைக் காட்டுங்க. தெரிஞ்சவங்களுக்கும் பகிருங்க.