காப்பிப் பூ காத்திருக்காது!

உங்கள் வீட்டுப் பிள்ளை சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளக்கடையில் படம் பிடிக்கக் கிளம்புகிறானா? தடுக்காதீர்கள், அம்மணி! ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள். கோடை மழைக்குப் பின் சேர்வராயன் மலைச் சரிவில் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பாதிக் காட்சி இந்த ஞாயிறு, மீதி அடுத்த ஞாயிறு என்றால் நடக்காது!

சத்யஜித் ராயே இப்படி அகப்பட்டுக்கொண்டவர்தான். விளம்பரக் கம்பெனி உத்தியோகத்துக்கு நடுவே, 1952 அக்டோபரில், லீவு நாட்களில் ‘பதேர் பாஞ்சாலி’யை ஆரம்பித்தார். காமிராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு இருபது சொச்சம் வயசு. சினிமாக் காமிராவை அதற்குமுன் இயக்கியதே இல்லை! நாணல் பூக்காட்டில் பாதிக் காட்சியை எடுத்தார்கள். அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன! மறு பருவம் வரை காத்திருந்தார்கள். நடுவில் பணம் தீர்ந்தது. மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. (எந்த ஊரிலும் வீட்டு அம்மாள்தான் கடைசிப் புகலிடம்!) பிறகு மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுக்க, 1955-ல் படம் வெளிவந்தது.

உங்கள் பிள்ளைக்குப் பிலிம் செலவு இல்லை; டெலிபோனிலேயே காமிரா இருக்கிறது. ஆகையால் பூவும் பனிமூட்டமும் வரும் காட்சிகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வளையலைக் கேட்டால்? பிஜோயா கொடுத்தார், நீங்கள் எப்படியோ!